வெயிலின் போக்கில் மாமல்லபுரம்: சென்னையிலிருந்து ஒரு நாள் போய்வர முழுமையான வழிகாட்டி

சென்னையிலிருந்து மாமல்லபுரம் ஏறக்குறைய 55 கிலோமீட்டர். பக்கத்து ஊர்தானே என்று பெரும்பாலும் சாவகாசமாகக் காலை டிபன் முடித்துத்தான் கிளம்புகிறார்கள். பத்தரை, பதினொரு மணிக்கு வேன் ஐந்து ரதங்களின் வாசலில் நிற்கும். நடு வெயில், கொதிக்கும் மணல், கண்ணைக் கூசும் பாறை. ரதத்தின் முன்னால் ஒரு போட்டோ, வெண்ணெய்ப் பாறையைத் தள்ளுவதுபோல் ஒரு போட்டோ, அப்புறம் சாப்பாடு, தூக்கம், வீடு.

எங்கள் தெருவில் இருப்பவர்களை வருடத்துக்கு ஒரு முறையாவது மாமல்லபுரத்துக்கு அழைத்துப் போகிறேன். முதல் இரண்டு தடவை நானும் அப்படித்தான் கூட்டிப்போனேன். ஒன்பது இடங்கள் பட்டியலில் இருந்தன. பெரியவர்கள் மூன்றாவது இடத்திலேயே நிழல் தேடி உட்கார்ந்துவிட்டார்கள். அர்ச்சுனன் தபசுக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வெயில் பாறைக்குப் பின்னால் போய்விட்டது. அவ்வளவு பெரிய சிற்பத் தொகுதி வெறும் சாம்பல் நிறச் சுவராகத் தெரிந்தது. அதை இன்றும் நினைத்து வருந்துகிறேன். அன்று வந்தவர்களில் இருவர் இப்போது உயிரோடு இல்லை.

அதற்கு அடுத்த முறை நான் செய்தது ஒன்றுதான். எந்தச் சிற்பம் எந்தத் திசை பார்த்து நிற்கிறது என்று முன்கூட்டியே குறித்துக்கொண்டேன். கடற்கரைக் கோயிலின் பெரிய சந்நிதி கிழக்கு பார்த்தது. அர்ச்சுனன் தபசும் கிழக்கு. வராகர் குகை மேற்கு. ஐந்து ரதங்களில் நான்கு மேற்கு பார்த்தவை, ஒன்று தெற்கு. ஆக, விடியலில் கடற்கரைக் கோயில், காலையில் தபசுப் பாறை, வெயில் ஏறியதும் குகைகளின் நிழல், சாயங்காலம் ரதங்கள். எல்லா வேன்களும் போகிற வரிசைக்கு இது கிட்டத்தட்ட நேர் எதிர். அதனால் கூட்டமும் நமக்கு எதிர்ப்பக்கமாகவே இருக்கும். கீழே சொல்வது எல்லாம் இந்த வரிசைப்படிதான்.

நாள் குறிப்பது

டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி முடியும்வரை மிக நல்ல காலம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும், காற்றில் கொஞ்சம் குளிர் இருக்கும். இன்னொரு வசதியும் உண்டு. நினைவுச் சின்னங்களைக் காலை 6 மணிக்குத் திறக்கிறார்கள். ஜனவரியில் சூரியன் எழுவது 6.30 மணி வாக்கில். அதாவது, கோயிலுக்கு உள்ளே நின்றபடியே கடலிலிருந்து சூரியன் கிளம்புவதைப் பார்க்க முடியும். ஜூன் மாதம் போனால் கதவு திறப்பதற்கு முன்பே விடிந்துவிடும்.

காணும் பொங்கல், புத்தாண்டு நாள் இரண்டையும் கண்டிப்பாகத் தவிர்த்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமையைவிடச் சனிக்கிழமை மேல், சனியைவிட வார நாள் மேல். ஏப்ரல் 18 உலக பாரம்பரிய தினம். அன்று நுழைவுக் கட்டணம் கிடையாது, ஆனால் கத்திரிக்கு முந்தைய வெயில் காயும். சிறு பிள்ளைகளோடு போக நான் சொல்லமாட்டேன்.

மாசி மகத்துக்கு இங்கே போவது தனி அனுபவம். இருளர் மக்கள் பல ஊர்களிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்து, கடற்கரை மணலில் தங்கி, கன்னியம்மனைக் கும்பிடுவார்கள். அங்கேயே பெண் பார்த்து, அங்கேயே கல்யாணமும் நடக்கும். பார்க்கப் போனால் ஒதுங்கி நின்று பாருங்கள். அது அவர்கள் சாமி கும்பிடும் இடம். முகத்துக்கு நேரே கேமராவை நீட்டக் கூடாது.

வண்டியும் முந்தின நாள் வேலையும்

பன்னிரண்டு பேருக்கு மேல் சேர்க்காதீர்கள். ஒரு டெம்போ டிராவலரில் அடங்கினால், ஒருவர் சொல்வது எல்லோருக்கும் கேட்கும். கழிப்பறைக்குப் போய் வருகிறவர்களுக்காக அரைமணி நேரம் காத்திருக்கவும் வேண்டியிருக்காது. இரண்டு மூன்று பேர் என்றால் பஸ்ஸே போதும். தாம்பரத்திலிருந்து மாமல்லபுரத்துக்கு மாநகரப் பேருந்து உண்டு. ஈசிஆர் (கிழக்குக் கடற்கரைச் சாலை) வழியாகப் புதுச்சேரி போகும் பஸ்களும் உண்டு, ஆனால் அவை ஊருக்குள் போகாமல் புறவழிச் சாலையில் இறக்கிவிடும். அங்கிருந்து ஆட்டோ. பஸ்ஸில் வந்தால் விடியலைப் பிடிப்பது கஷ்டம். முதல் நாள் சாயங்காலமே போய் ஊரில் தங்கிவிடுவது நல்லது.

வேன் என்றால் டிரைவரிடம் முதல் நாளே தெளிவாகப் பேசிவிடுங்கள்: அதிகாலை நாலரைக்கு வண்டி வாசலில் நிற்க வேண்டும், இரவு எட்டு மணிக்குத் திரும்ப வேண்டும், நடுவில் அவருக்குச் சாப்பாடும் இரண்டு மணி நேரத் தூக்கமும் உண்டு. கடைசியில் சொன்னதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். இரவில் ஈசிஆரில் வண்டி ஓட்டப்போகிறவர் அவர்.

கட்டிக்கொண்டு போக வேண்டியது: மிளகாய்ப் பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லி (வாழை இலையில் மடித்தால் ஒன்பது மணிக்கும் மெத்தென்று இருக்கும்), ஆளுக்கு ஒரு லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர், தொப்பி அல்லது குடை, ஒரு துண்டு, கடலில் கால் நனைப்பவர்களுக்கு மாற்றுத் துணி. ஒரு சின்ன டார்ச் முக்கியம். எதற்கென்று பிறகு சொல்கிறேன்.

நுழைவுச் சீட்டு இந்தியர்களுக்கு 40 ரூபாய், 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இலவசம். போனில் முன்கூட்டியே எடுத்தால் கொஞ்சம் குறையும். இலங்கையிலிருந்து வந்திருக்கும் சொந்தக்காரர்கள் இருந்தால் அவர்களுடைய பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். சார்க் எனும் தெற்காசியக் கூட்டமைப்பு நாட்டவர்களுக்கும் இந்தியர்களுக்கான அதே கட்டணம்தான். அதைக் காட்டாமல் வெளிநாட்டவர் கட்டணம் கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். காலையில் கடற்கரைக் கோயிலுக்கு வாங்கும் சீட்டு சாயங்காலம் ரதங்களுக்கும் செல்லும். தொலைத்துவிடாதீர்கள்.

விடியல்: கடற்கரைக் கோயில்

நாலரைக்குக் கிளம்பினால் உத்தண்டி சுங்கச் சாவடி, முட்டுக்காடு, கோவளம் எல்லாம் இருட்டிலேயே கடந்துபோகும். போகட்டும். வழியில் எங்கும் நிறுத்த வேண்டாம். வண்டி நிறுத்தும் இடத்திலேயே கழிப்பறையை முடித்துக்கொள்ளச் சொல்லுங்கள், முக்கியமாகப் பெண்களையும் வயதானவர்களையும்.

கோயிலுக்குள் போனதும் நேராகக் கிழக்குப் பக்கம் போய்விடுங்கள். அங்கே நின்று பார்த்தால்தான் கோயிலின் அமைப்பு பிடிபடும். இரண்டு விமானங்கள். உயரமானதன் அடியில் கடலைப் பார்த்த சிவன் சந்நிதி, சின்னதன் அடியில் ஊரைப் பார்த்த சிவன் சந்நிதி. இரண்டுக்கும் நடுவே, மேலே விமானமே இல்லாத ஓர் அறையில், பள்ளிகொண்ட பெருமாள். பலர் அவரைப் பார்க்காமலே போய்விடுகிறார்கள். இங்கேதான் டார்ச் வேண்டும். இருட்டில் முதலில் ஒன்றும் தெரியாது. பக்கவாட்டிலிருந்து ஒளி காட்டினால், தலையிலிருந்து கால்வரை மெல்ல உருவம் எழுந்து வரும். நேருக்கு நேர் அடித்தால் தட்டையாகத்தான் தெரியும்.

இதைக் கட்டியவன் ராஜசிம்மன் என்ற பல்லவ மன்னன் இரண்டாம் நரசிம்மவர்மன், 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். ஊருக்குப் பெயர் தந்த மாமல்லன், அதாவது முதலாம் நரசிம்மவர்மன், அவனுக்கு முந்தைய நூற்றாண்டுக்காரன். ஊரின் மற்ற குகைகளும் ரதங்களும் இருந்த பாறையைக் குடைந்தவை, செதுக்கியவை. இது கல்லை வெட்டி அடுக்கிக் கட்டியது. இந்த ஒரு வித்தியாசத்தை மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டால் போதும், நாள் முழுக்க அவர்களே கண்டுபிடித்துச் சொல்வார்கள்.

சுவர்களைத் தொட்டுப் பார்க்க ஆசை வரும். பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஆயிரத்து முந்நூறு வருட உப்புக் காற்று சிற்பங்களின் முகங்களைக் கரைத்திருக்கிறது. கல்லுக்குள் இறங்கிய உப்பை இழுக்க, தொல்லியல் துறையினர் காகிதக் கூழைக் குழைத்து அப்பிக் காயவிட்டு எடுக்கிறார்கள். கடல் பக்கம் கொட்டியிருக்கும் பாறைகளும் சுற்றியுள்ள சவுக்குத் தோப்பும்கூட அலையையும் மணலையும் தடுக்கத்தான். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமிக்கு முன்னால் கடல் உள்வாங்கியபோது, எப்போதும் தண்ணீருக்குள் இருக்கும் பாறைகளையும் கட்டுமானம் போன்றவற்றையும் இந்தக் கரையில் இருந்தவர்கள் கண்டார்கள். ஏழு கோயில்கள் இருந்தன, ஆறு கடலுக்குள் போயின என்று ஐரோப்பிய மாலுமிகள் காலத்திலிருந்தே ஒரு கதை உண்டு. அதை முழுக்க நம்ப வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கரையில் நின்று கேட்டால் உடம்பு சிலிர்க்கும்.

எட்டு மணிக்குள் வெளியே வந்து இட்லிப் பொட்டலத்தைப் பிரியுங்கள்.

கைடு வேண்டுமா?

வேண்டும். தபசுப் பாறைக்கு மட்டுமாவது. கழுத்தில் அடையாள அட்டை போட்ட, அரசு அங்கீகாரம் பெற்ற கைடுகள் அங்கேயே இருப்பார்கள். தொகையை முதலில் பேசிவிடுங்கள். அப்புறம் இப்படிச் சொல்லுங்கள்: "அண்ணே, எங்களுக்கு எல்லா இடமும் வேண்டாம். இந்தப் பாறையை மட்டும் அவசரப்படாமல் சொல்லுங்கள், போதும்." இப்படிக் கேட்டவுடன் அவர்கள் முகம் மலர்வதைப் பார்த்திருக்கிறேன். நாளெல்லாம் ஒரே பேச்சை ஓட்டமாக ஒப்பிக்கிறவர்களுக்கு, நின்று கேட்க ஆள் கிடைப்பது அபூர்வம்.

எட்டரை முதல் பத்தரை: அர்ச்சுனன் தபசு

ஏறக்குறைய 29 மீட்டர் நீளம், 13 மீட்டர் உயரம். இரண்டு பாறைகள், நடுவில் ஒரு பிளவு. ஒற்றைக் காலில் கையை உயர்த்தி நிற்கும் எலும்பும் தோலுமான மனிதர் பாசுபதாஸ்திரம் வேண்டித் தவம் செய்யும் அர்ச்சுனன் என்பது ஒரு கட்சி. கங்கையைப் பூமிக்கு அழைக்கும் பகீரதன் என்பது இன்னொரு கட்சி. நான் இரண்டாவது கட்சி. பிளவில் மேல்நோக்கி நீந்தும் நாகங்களைப் பாருங்கள். யானைக் கூட்டம், முனிவர்கள், பறக்கும் கந்தர்வர்கள், அத்தனை பேரும் அந்தப் பிளவை நோக்கியே வருகிறார்கள். தண்ணீர் வரப்போகிற இடத்துக்கு ஓடி வரும் உயிர்கள் இவை. பிளவுக்கு மேலே நீர் தேக்கி வழியவிட்டிருக்க வேண்டும் என்று சொல்கிறார்கள். அதைக் கேட்ட பிறகு பாறையைப் பார்த்தால் ஈரம் தெரிகிற மாதிரியே இருக்கும்.

பிள்ளைகளிடம் கதை சொல்வதற்கு முன் தேட விடுங்கள். தவம் செய்யும் பூனை எங்கே? பெரிய யானையின் தந்தத்துக்கு அருகே முன்னங்கால்களைத் தலைக்குமேல் தூக்கி, மேலே நிற்கும் தவசியைப் போலவே நிற்கிறது. காலடியில் எலிகள். பின்னங்காலால் மூக்கைச் சொறியும் மான் எங்கே? யானையின் கால்களுக்கு இடையே குட்டிகள் எத்தனை? பாறைக்குப் பக்கத்திலேயே தனிக் கல்லில் ஒரு குரங்குக் குடும்பம் பேன் பார்த்துக்கொண்டிருக்கும். அதையும் விட்டுவிடாதீர்கள்.

சில அடி தள்ளி கிருஷ்ண மண்டபம். கோவர்த்தன மலையைக் கண்ணன் தூக்கி நிற்க, அதன் அடியில் ஆயர்பாடியே ஒதுங்கி நிற்கிறது. ஒரு முறை எங்களோடு வந்த பாட்டி ஒருவர், செய்யாறு பக்கத்தில் நாற்பது வருடம் மாடு வைத்திருந்தவர், இங்கே பால் கறக்கும் ஆள் முன்னால் நின்றுவிட்டார். கைடு கோவர்த்தனக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். பாட்டி குறுக்கே புகுந்தார்.

"தம்பி, மலை இருக்கட்டும். இங்கே பாரு. மாடு கன்னை நக்குது பாத்தியா? நக்குற வரைக்கும்தான் பால் இறங்கும். அதான் கன்னை முன்னாடி விட்டுட்டுக் கறக்குறான். செதுக்கினவன் மாடு வளர்த்தவன்யா."

கைடு ஒரு நிமிடம் பேசவில்லை. பிறகு, "பாட்டிம்மா, பதினஞ்சு வருஷமா இதைக் காட்டுறேன், எனக்கு இது தோணலையே" என்றார். அன்றிலிருந்து அந்த மாட்டை நான் அந்தப் பாட்டியின் கண்ணால்தான் பார்க்கிறேன். உங்கள் குழுவில் மாடு வளர்த்தவர், மீன் பிடித்தவர், கல் உடைத்தவர் யாராவது இருந்தால் அவர்களை முன்னால் நிற்க விடுங்கள்.

தபசுப் பாறைக்கு எதிரேயே தலசயனப் பெருமாள் கோயில். உச்சிக்கு முன் நடை சாத்திவிடுவார்கள், அதனால் பத்தரைக்குள் போய்விடுங்கள். 108 திவ்ய தேசங்களில் ஒன்று, பூதத்தாழ்வார் அவதரித்த ஊர், திருமங்கையாழ்வார் கடல்மல்லை என்று பாடிய தலம். இங்கே பெருமாள் பாம்பணையை விட்டுத் தரையில் படுத்திருக்கிறார். பாற்கடலுக்குப் போய்த் தாமரை சாத்த ஆசைப்பட்டு, வழிமறித்த கடலைக் கையால் இறைக்கத் தொடங்கிய புண்டரீக முனிவருக்காகக் கிழவர் வேடத்தில் வந்து, தானும் இறைத்து, களைத்து அப்படியே தரையில் சாய்ந்தார் என்பது தல வரலாறு.

வெயில் ஏறியபின்: குன்று

கிருஷ்ணனின் வெண்ணெய்ப் பாறைக்குப் பத்து நிமிடம் போதும். சரிவில் நிற்கும் சுமார் 250 டன் பாறை, கீழே பிள்ளைகள் சறுக்கு விளையாடுவார்கள், விளையாடட்டும். 2019 அக்டோபரில் இந்தியப் பிரதமரும் சீன அதிபரும் இதன் முன்னால் கைகோத்து நின்ற படத்துக்குப் பிறகு இங்கே கூட்டம் இன்னும் கூடிவிட்டது.

குன்றின் மேல் இருக்கும் குகைகளில் ஒன்றே ஒன்றுக்கு நேரம் ஒதுக்குங்கள் என்றால், மகிஷாசுரமர்த்தினி குகையைச் சொல்வேன். கலங்கரை விளக்கத்துக்குக் கீழே இருக்கிறது. உள்ளே ஒரு பக்கச் சுவரில் சிங்கத்தின் மேல் வில்லேந்திய துர்க்கை, எதிரே எருமைத் தலையோடு கதாயுதத்தைப் பிடித்தபடி பின்வாங்கும் மகிஷன். எதிர்ச் சுவரில் அனந்தன் மேல் உறங்கும் திருமால். ஒரு சுவரில் எல்லாமே பாய்கிறது, மறு சுவரில் எதுவுமே அசையவில்லை. நடுவில் உட்கார்ந்து இரண்டையும் மாறி மாறிப் பாருங்கள். குளிர்ந்த கல், கடற்காற்று. பெரியவர்களை இங்கே அரைமணி நேரம் உட்காரவைத்துவிட்டு, நடக்க முடிந்தவர்கள் மட்டும் வராகர் குகைக்குப் போய்வரலாம்.

மதியச் சாப்பாட்டை ஊருக்குள் முடியுங்கள். மீன் சாப்பிடுகிறவர்கள், விலையைக் கேட்டு, மீனைக் கண்ணால் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். கோடையில் போனால் நுங்கு கிடைக்கும், விடாதீர்கள்.

சாப்பிட்டபின் சிற்பக் கூடங்கள் இருக்கும் தெருக்களில் நடங்கள். 1957-இல் தொடங்கிய அரசு சிற்பக் கல்லூரி இந்த ஊரில்தான் இருக்கிறது. குமரிமுனையின் 133 அடி திருவள்ளுவர் சிலையை உருவாக்கிய கணபதி ஸ்தபதி அதன் முதல்வராக இருந்தவர். இந்தக் கற்சிற்பங்களுக்குப் புவிசார் குறியீடும் உண்டு. கூடத்தில் யாராவது ஓய்வாக இருந்தால், "ஐயா, கல்லை எப்படித் தேர்ந்தெடுப்பீர்கள்?" என்று கேளுங்கள். சுத்தியலால் தட்டிக் காட்டுவார்கள். மணிபோல் கணீரென்று ஒலித்தால் ஆண் கல், சாமி சிலைக்கு ஆகும். சத்தம் செத்திருந்தால் உள்ளே விரிசல். வீட்டுக்கு ஏதாவது வாங்குவதென்றால் மாக்கல்லில் சின்னதாக வாங்குங்கள். பேரம் பேசலாம், ஆனால் உளி பிடித்த கையைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

மூன்றரை: ஐந்து ரதங்கள்

காலையில் இங்கே வந்தவர்கள் எல்லாம் போயிருப்பார்கள். மேற்கு வெயில் ரதங்களின் முகத்தில் விழும்போது கல் தேன் நிறமாக மாறும்.

பாண்டவர்களுக்கும் இவற்றுக்கும் சம்பந்தம் கிடையாது. பெயர்கள் பின்னால் வந்தவை. ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரிக் கோயில்: குடிசைக் கூரை போல ஒன்று, வண்டிக் கூண்டு போல ஒன்று. வடக்குப் பக்கமிருந்து நுழைந்தவுடன் ஒரு கல் யானையின் முதுகு தெரியும், பக்கத்தில் சகாதேவ ரதத்தின் வளைந்த பின்பக்கம். இரண்டும் ஒரே வளைவு. இந்த வகைக் கோயிலுக்கு வழங்கும் தூங்கானை மாடம் என்ற பெயருக்கு இதைவிட நல்ல விளக்கம் கிடையாது. திரௌபதி ரதத்துக்குள் கொற்றவையின் காலடியில் ஒருவன் தன் தலையைத் தானே அரியப்போவதையும் பாருங்கள்.

தருமராஜ ரதத்தில் மேல்நிலைகள் முழுமையாக முடிந்திருக்கும், அடித்தளம் முடியாமல் நிற்கும். பாறையை மேலிருந்து கீழாகச் செதுக்கிக்கொண்டே வந்தார்கள். சாரம் தேவையில்லை, கீழே உள்ள பாறையே நிற்கும் தரை. வேலை ஏதோ காரணத்தால் நின்றுபோனது. உளி கடைசியாக விழுந்த இடங்களைச் சாய்ந்த வெயிலில் விரலால் எண்ணலாம், அவ்வளவு தெளிவாகத் தெரியும். இந்த ஒரு காட்சிக்காகவே ரதங்களைச் சாயங்காலத்துக்கு வைத்திருக்கிறேன்.

ஐந்து மணி: கடல்

காலையிலிருந்து பிள்ளைகள் கேட்டுக்கொண்டே இருப்பது இதைத்தான். வடக்கே ஐந்து கிலோமீட்டரில் இருக்கும் சாளுவன்குப்பத்துக்கு வந்துவிடுங்கள். பதினொரு யாளித் தலைகள் சூழ்ந்த புலிக்குகை அங்கே இருக்கிறது. சுனாமிக்குப் பிறகு தோண்டி எடுத்த, செங்கல் அடித்தளம் கொண்ட பழைய முருகன் கோயிலும், அதன் கல் வேலும் பக்கத்தில்தான். பார்த்துவிட்டு மணலுக்கு இறங்கலாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பானவன். கணுக்காலுக்கு மேல் தண்ணீர் ஏற விடமாட்டேன். இந்தக் கரையில் ஆழம் சட்டென்று விழும், கரையிலிருந்து உள்ளே இழுக்கும் நீரோட்டம் உண்டு. நீச்சல் தெரிந்த இளைஞர்களே இங்கே ஒவ்வொரு வருடமும் இறந்துபோகிறார்கள். அலை உடையாமல் அமைதியாகத் தெரியும் இடம்தான் பெரும்பாலும் இழுக்கும் இடம். இழுத்துவிட்டால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வர வேண்டும். காப்பாற்றப் போகிறவர் வெறுங்கையோடு குதிக்கக் கூடாது. பெரியவர்கள் இருவர், போனைப் பையில் வைத்துவிட்டு, தண்ணீரைப் பார்த்தபடி நிற்க வேண்டும். யார் அந்த இருவர் என்று வேனிலேயே பெயர் சொல்லி முடிவு செய்துவிடுங்கள். எல்லோரும் பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டால் யாருமே பார்க்கமாட்டார்கள்.

திரும்புவது

ஆறு மணிக்கு மணலை உதறிக்கொண்டு கிளம்பலாம். வார நாளில் ஈசிஆரே போதும். வழியில் திருவிடந்தை நித்யகல்யாணப் பெருமாள் கோயில் வரும். வீட்டில் கல்யாணத்துக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தால் எப்படியும் யாராவது நிறுத்தச் சொல்வார்கள், அரைமணி நேரம் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு என்றால் கோவளத்திலிருந்தே நெரிசல் தொடங்கிவிடும். அன்று மாமல்லபுரத்தை ஒட்டிய பூஞ்சேரிக்குத் திரும்பிப் போய் ஓஎம்ஆரை (பழைய மகாபலிபுரம் சாலை) பிடியுங்கள். திருப்போரூரில் கந்தசுவாமியைக் கும்பிட்டுவிட்டு, அங்கேயே ஒரு டீ குடித்துவிட்டுக் கிளம்பினால், டிரைவருக்கும் தூக்கம் கலைந்திருக்கும்.